வில்லங்கம் உள்ள சொத்து: நுகர்வோர் தளங்கள் கைமாறும்போது

(கல்லூரி வணிகவியல் துறையின் நுகர்வோர் நல அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேசிய உரையின் திருத்திய வடிவம். கிளைச் செய்திகள் சில சுருக்கப்பட்டுள்ளன.)



இந்தச் சொற்பொழிவு எப்படி நடக்கிறது என்பதை அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். இந்தத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பணிக்கொடையில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பாகப் போட்டிருக்கிறார். அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை நுகர்வோர் நலம் பற்றி யாராவது பேச வேண்டும் என்பது அவர் எழுதிவைத்த ஏற்பாடு. அந்த ஆவணத்தைத் துறைத்தலைவர் எனக்குக் காட்டினார். ஒரு பக்கம்தான். அதில் ஒரு வரி, 'எக்காரணம் கொண்டும் முதலைத் தொடக்கூடாது' என்கிறது. அந்த வரி இருப்பதால்தான் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். அவருக்கு என் நன்றி. பேச்சின் முடிவில் அந்த வரிக்குத் திரும்பி வருவேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் இது. எந்தப் பொருளை வாங்கலாம், எந்த வங்கி ஏமாற்றும், எந்தக் கேமரா நன்றாகப் படம் எடுக்கும் என்று மக்களுக்குச் சொல்வதற்காகத் தனியாட்கள் தொடங்கி, மக்களே சேர்ந்து வளர்த்த இணையதளங்கள் பல உண்டு. அவற்றில் பல, பெரிய நிறுவனங்களுக்கு விற்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு விற்பனையின்போதும் கிட்டத்தட்ட ஒரே காட்சி. நிறுவனர் ஒரு கடிதம் வெளியிடுகிறார். எதுவும் மாறாது என்று உறுதி சொல்கிறார். சிலர் வாழ்த்துகிறார்கள். நிறையப் பேர் கொதிக்கிறார்கள், துரோகம் என்கிறார்கள், கணக்கை மூடிவிட்டுப் போகிறார்கள். வணிகப் பத்திரிகைகள் இதை இரண்டு வரியில் எழுதிவிட்டு விற்பனைத் தொகைக்குப் போய்விடுகின்றன. இலவசமாக அனுபவித்தவர்களுக்கு எதற்குக் கோபம் என்று கேட்பவர்களும் உண்டு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய என் வேலை. நம் ஊரில் ஒரு மனை வாங்கப் போகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். அந்த மனையின்மேல் வேறொருவருக்கு அடமானமோ பாத்தியதையோ இருக்கிறதா என்று பார்க்கிறார். பயனர்கள் ஒரு தளத்துக்குக் கொடுத்த உழைப்பும் நம்பிக்கையும் அந்தச் சொத்தின் மேலுள்ள வில்லங்கம் என்பது என் வாதம். எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் ஏறாத வில்லங்கம். விற்பனை நாளில் எழும் கூச்சலை நான் உரிமைக் கோரிக்கையாகவே வாசிக்கிறேன். பதிவேடு இல்லாதவர்கள் அதை வேறு எப்படிப் பதிவு செய்வார்கள்?

1. தீர்ப்புச் சொன்னவரை வாங்கியவர்

மார்ட்டின் லூயிஸ் என்ற பத்திரிகையாளர் 2003 பிப்ரவரியில் இங்கிலாந்தில் 'மனி சேவிங் எக்ஸ்பர்ட்' என்ற தளத்தைத் தொடங்கினார். வடிவமைப்புக்கு அவர் செலவழித்தது 100 பவுண்டுக்கு மேல் இல்லை. மின்கட்டணத்தை எப்படிக் குறைப்பது, கடன் அட்டை வட்டியிலிருந்து எப்படித் தப்பிப்பது, எந்தச் சேமிப்புக் கணக்கு அதிக வட்டி தரும் என்பவைதான் அதன் பொருள். நடுத்தரக் குடும்பத்தின் மாதாந்தரக் கவலைகள்.

வருமானம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கங்களில் விளம்பரப் பட்டைகள் கிடையாது. தளம் பரிந்துரைத்த இணைப்பைச் சொடுக்கி ஒருவர் கணக்குத் தொடங்கினால், அந்த நிறுவனம் தளத்துக்கு ஒரு தொகை தரும். அப்படிப் பணம் வரும் இணைப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கும். பணம் தராத இணைப்பும் அருகிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். எது சிறந்தது என்பதை எழுதுபவர் முதலில் முடிவு செய்துவிடுவார், அதற்குப் பணம் வருமா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். நான் அந்தப் பக்கங்களை முதன்முதலில் பார்த்தபோது என்னை நிறுத்தியது அந்தச் சின்ன நட்சத்திரம்தான். 'இதைச் சொல்வதால் எனக்குக் காசு வருகிறது, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடு' என்று வாசகரிடம் ஒவ்வொரு முறையும் சொல்வது எளிதான காரியமன்று.

2006, 2007 ஆண்டுகளில் அந்தத் தளம் வங்கிக் கட்டணங்களுக்கு எதிராக ஓர் இயக்கம் நடத்தியது. கணக்கில் பணம் போதாமல் காசோலை திரும்பினால் வங்கிகள் முப்பது பவுண்டுக்கு மேலும் பிடித்தன. அதைத் திருப்பிக் கேட்பதற்கான மாதிரிக் கடிதங்களைத் தளம் வெளியிட்டது. லட்சக்கணக்கானோர் அவற்றை இறக்கிக்கொண்டார்கள். பெயரையும் தேதியையும் நிரப்பித் தங்கள் வங்கிக்கு அனுப்பினார்கள். இயக்கத்துக்கு உயிர் கொடுத்தது இதற்கடுத்து நடந்த காரியம். அனுப்பியவர்கள் திரும்பி வந்து, எந்த வங்கி முதல் கடிதத்துக்கே பணிந்தது, எது இரண்டாம் கடிதம் வரை இழுத்தடித்தது, எது நீதிமன்றம் போவேன் என்றதும் காசோலை அனுப்பியது என்று அடுத்தவருக்காக எழுதிவைத்தார்கள். 2009 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்குள் ஏராளமானோர் பணத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த வெற்றியில் ஒரு பங்கு, பெயர் தெரியாமல் எழுதிய அந்த மனிதர்களுடையது.

2012 ஜூன் 1ஆம் தேதி, தளம் விற்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. விலை 8.7 கோடி பவுண்டு வரை. அதில் 6 கோடி உடனடியாக, மீதி பின்னாளில் சில இலக்குகள் நிறைவேறினால். வாங்கியது 'மனிசூப்பர்மார்க்கெட்' என்ற விலை ஒப்பீட்டு நிறுவனம், 2007 முதல் லண்டன் பங்குச்சந்தையில் இருப்பது.

வாங்கியவர் யார் என்பதுதான் இங்கே முக்கியம். வாகனக் காப்பீடு எடுப்பதற்கு ஏதாவது ஓர் ஒப்பீட்டுத் தளத்தை மட்டும் நம்பாதீர்கள், பலவற்றைச் சேர்த்துப் பாருங்கள், இந்த வரிசையில் பாருங்கள் என்று வாசகருக்குச் சொல்லிவந்தது லூயிஸின் தளம். அந்த வரிசையில் இருந்த தளங்களுள் ஒன்று மனிசூப்பர்மார்க்கெட். அதாவது மதிப்பெண் போட்டவரை, மதிப்பெண் வாங்கியவர்களில் ஒருவர் விலைக்கு வாங்கினார். வாசகர்கள் வேறு எதையும் விட இதைத்தான் கேட்டார்கள். அவர்களுடைய கேள்வி விலை பற்றியது என்று நினைப்பவர்கள் அவர்களைப் படிக்கவில்லை.

லூயிஸ் சில காரியங்களைச் சரியாகவே செய்தார். தம் விற்பனைத் தொகையிலிருந்து ஒரு கோடி பவுண்டை அறப்பணிக்குத் தருவதாக அறிவித்தார், அதில் 10 லட்சம் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற இலவச ஆலோசனை அமைப்புக்கு. தளத்தின் கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும் ஆசிரியர் நெறிமுறை ஒன்றைப் புதிய உரிமையாளரும் ஏற்று வெளியிடும்படி செய்தார். தாமும் தளத்தை விட்டுப் போகாமல் தொடர்ந்தார். அறக்கொடையை நான் மதிக்கிறேன். ஆனால் அது வில்லங்கத்தைத் தீர்க்காது. பாத்தியதை உள்ளவரைக் கேட்காமல் சொத்தை விற்றுவிட்டு வந்த பணத்தில் அன்னதானம் செய்தாலும், கேட்கப்படாதவர் கேட்கப்படாதவர்தான். வில்லங்கத்தை ஓரளவு தீர்த்தது அந்த நெறிமுறை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2. யாருடைய உழைப்பு?

இலவசமாக அனுபவித்தவர்கள் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இதைவிடத் தவறான சொல் இந்த விவாதத்தில் இல்லை.

1990களின் நடுவில் கணினியில் இசைக் குறுந்தகட்டைப் போட்டால், அதில் எத்தனை பாடல், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்பது மட்டும்தான் கணினிக்குத் தெரியும். பாடலின் பெயர் பெரும்பாலும் தகட்டில் இருக்காது. டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்ற இருவர் 'சிடிடிபி' என்ற தரவுத்தளத்தை உருவாக்கினார்கள். ஒரு தகட்டை உலகில் முதலில் போடுகிறவர் அட்டையைப் பார்த்துப் பெயர்களைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். அடுத்து அதே தகட்டைப் போடுகிறவர் திரையில் பெயர்கள் தாமாகவே வந்து நிற்கும். நானும் அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இருந்த கர்நாடக இசைத் தகடுகளுக்கு, ஒவ்வொரு கீர்த்தனையாக, ராகம், தாளம், பாடகர் பெயர். தமிழ் எழுத்து ஏறாத காலம். 'கீரவாணி'யை ரோமன் எழுத்தில் எப்படி எழுதினால் அடுத்தவர் தேடும்போது கிடைக்கும் என்று யோசித்து யோசித்து, ஒரு தகட்டுக்கு அரைமணி நேரம் ஆகும். யாருக்காகச் செய்தேன்? முகம் தெரியாத இன்னொரு ரசிகருக்காக.

1998இல் அந்தத் தரவுத்தளம் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் அதன் பெயர் 'கிரேஸ்நோட்' ஆனது. உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கு மட்டுமே அந்தத் தரவு என்று ஆனது. 2008இல் சோனி அதை வாங்கியபோது விலை ஏறத்தாழ 26 கோடி டாலர். அந்த 26 கோடிக்குள் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்த அரைமணி நேரங்கள் இருந்தன. ஒருவர்கூடக் கூலி கேட்கவில்லை. நாங்கள் செய்ததை நாங்களே பயன்படுத்த ஏன் அனுமதி வாங்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

'குட்ரீட்ஸ்' விஷயம் இன்னும் கூர்மையானது. 2007இல் தொடங்கிய அந்தப் புத்தகத் தளம், நூல் விவரங்களுக்கு அமேசானின் தரவைப் பயன்படுத்திவந்தது. நிபந்தனைகள் கடுமையாக இருக்கின்றன என்று சொல்லி 2012 ஜனவரியில் அந்தத் தரவைக் கைவிட்டது. வேறு மூலத்தில் கிடைக்காத நூல்கள் விவரமில்லாமல் போகும் நிலை. 'இந்த நூல்களைக் காப்பாற்றுங்கள்' என்று தளம் தன் உறுப்பினர்களைக் கேட்டது. அவர்கள் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை எல்லாவற்றையும் கையால் உள்ளிட்டார்கள். அமேசானைச் சார்ந்திராமல் தளம் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. பதினான்கு மாதம் கழித்து, 2013 மார்ச்சில், 1.6 கோடி உறுப்பினர்களோடு குட்ரீட்ஸ் அமேசானுக்கே விற்கப்பட்டது.

அந்தப் பதினான்கு மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஏரிக்கரை உடையாமல் இருக்க ஊரைக் கூப்பிட்டு மண் சுமக்கச் சொல்லிவிட்டு, அடுத்த போகத்துக்குள் ஏரியைக் கைமாற்றிவிட்டால் ஊர் என்ன பேசும்? அதே ஆண்டு செப்டம்பரில், எழுத்தாளரின் நடத்தை பற்றிப் பேசும் விமர்சனங்களைத் தளம் முன்னறிவிப்பின்றி நீக்கத் தொடங்கியபோது, மண் சுமந்தவர்களின் ஐயம் உறுதிப்பட்டது. பிறகு தளம் முன்னறிவிப்பு தராததற்கு வருத்தம் தெரிவித்தது.

3. சட்டம் சொல்வது சொற்பம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனெனில் சட்டத்தில் இதற்கு இடம் அதிகமில்லை. நீங்கள் எழுதிய விமர்சனத்தின் பதிப்புரிமை பெரும்பாலும் உங்களிடமே இருக்கும். ஆனால் கணக்குத் தொடங்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைத் தட்டுகிறீர்களே, அதற்குள் அதைப் பயன்படுத்தும் உரிமத்தைத் தளத்துக்குத் தந்துவிடுகிறீர்கள். காலவரையற்ற, கட்டணமில்லாத, பிறருக்கு மாற்றித் தரத்தக்க உரிமம். முழுப் பத்தியிலும் கனமான சொல் அந்த 'மாற்றித் தரத்தக்க' என்பதுதான். அந்தச் சொல் இல்லாவிட்டால் தளத்தின் பெயரை விற்கலாம், நீங்கள் எழுதியதை எளிதில் விற்க முடியாது. படிக்காமல் தட்டிய ஒரு சொடுக்கில் வில்லங்கம் காகிதத்தில் நீங்கிவிடுகிறது. மனத்தில் நீங்குவதில்லை. இந்த இடைவெளியில்தான் கோபம் பிறக்கிறது.

4. போவதும் நின்று பேசுவதும்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில், ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதன் மக்கள் செய்யக்கூடியவை இரண்டு என்றார். விலகிப் போகலாம், அல்லது நின்று குரல் கொடுக்கலாம். பற்று அதிகமிருப்பவர் நின்று பேசுவார். நைஜீரிய ரயில்வே அவர் கண்ட உதாரணம். சரக்கு அனுப்பியவர்களில் தரத்தை அதிகம் எதிர்பார்த்தவர்கள், குறைகளைச் சத்தமாகச் சொல்லக்கூடியவர்கள், லாரிகளுக்கு மாறிவிட்டார்கள். கேட்க ஆளில்லாமல் ரயில்வே அப்படியே கிடந்தது.

விற்கப்பட்ட தளங்களில் இதைக் கண்கூடாகக் காணலாம். முதலில் வெளியேறுபவர்கள் அங்கே அதிகம் எழுதியவர்கள், அதிகம் தெரிந்தவர்கள். பொய் விமர்சனத்தை முளையிலேயே கண்டுபிடிப்பவர்கள் போய்விடுகிறார்கள். பார்வையாளர் எண்ணிக்கை குறையாததால் புதிய உரிமையாளருக்கு இழப்பே தெரிவதில்லை. ஆகவே கூச்சல் போடுகிற வாசகர் இன்னும் அந்தத் தளத்தின்மேல் பற்றுள்ளவர். அவர் மௌனமான பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

விலகுவதற்கும் ஒன்று தேவை. மூட்டை முடிச்சோடு போக வழி இருக்க வேண்டும். சிடிடிபி விற்பனைக்குப் பிறகு, முன்பே தடையின்றி வெளியிடப்பட்டிருந்த தரவை எடுத்துக்கொண்டு சிலர் 'ஃப்ரீடிபி' தொடங்கினார்கள். ராபர்ட் கே என்பவர் 'மியூசிக்பிரெய்ன்ஸ்' தொடங்கினார். இரண்டும் ஒரே கோபத்தின் பிள்ளைகள். ஃப்ரீடிபி 2006இல் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போனது, 2020இல் மூடப்பட்டது. மியூசிக்பிரெய்ன்ஸ் 2004இல் லாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்றின்கீழ் வந்தது. அதன் அடிப்படைத் தரவு எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கதாக வெளியிடப்படுகிறது. இன்றும் இயங்குகிறது. முதல்முறை ஏமாந்தவர்கள் இரண்டாம் முறை பத்திரத்தை எழுதிவைத்தார்கள், அவ்வளவே வேறுபாடு.

குட்ரீட்ஸிலும் தன் புத்தகப் பட்டியலை உறுப்பினர் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருந்தது. அதனால்தான் பின்னாளில் வந்த 'ஸ்டோரிகிராஃப்' போன்ற தளங்களுக்கு வாசகர்கள் தங்கள் பட்டியலோடு குடிபெயர முடிந்தது. நன்றாகக் குரல் கொடுக்க முடிவதும் வெளியே போக வாசல் திறந்திருக்கும்போதுதான்.

அந்த வாசல் திடீரென்று மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கேமராத் தளத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 2012 வாக்கில் என் மகளுக்கு ஒரு கேமரா வாங்க வேண்டியிருந்தது. 'டிபிரிவ்யூ' என்ற தளத்தை நண்பர் ஒருவர் காட்டினார். பில் ஆஸ்கி என்பவர் 1998இல் இங்கிலாந்தில் தொடங்கியது. எல்லாக் கேமராவாலும் ஒரே காட்சியைப் படம் பிடித்து வைத்திருப்பார்கள். வண்ண அட்டைகள், முகங்கள், பொடி எழுத்துகள் நிறைந்த காட்சி. திரையில் ஒரு சின்னக் கட்டத்தை நகர்த்தினால் அந்த இடம் நான்கு கேமராக்களில் எப்படி வந்திருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் பெரிதாகத் தெரியும். ஒளி குறைந்த நிலைக்கு மாற்றினால் விலை உயர்ந்த ஒன்றில்கூடப் பொடி எழுத்து கலங்கிப் புள்ளி புள்ளியாய்ப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். விற்பவர் சொல்வதைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. மகளும் நானும் இரண்டு மாலைப் பொழுதுகள் அந்தக் கட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தோம். பட்டியலில் மலிவாக இருந்த கேமராவையே வாங்கினோம்.

அப்போது அந்தத் தளம் ஐந்தாண்டுகளாக அமேசானின் சொத்து. 2007இலேயே விற்கப்பட்டிருந்தது. எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளும்படி எதுவும் நடக்கவும் இல்லை. கேமரா விற்கும் கடையே கேமராவை மதிப்பிடும் தளத்தை வைத்திருந்தும், அங்கே வேலை செய்தவர்கள் நேர்மையாக எழுதிவந்தார்கள். விற்றால் எல்லாம் கெடும் என்று நான் சொல்லவில்லை. பதினாறு ஆண்டுகள் கெடவில்லை.

2023 மார்ச் 21ஆம் தேதி, தளம் ஏப்ரல் 10உடன் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. அமேசான் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்த சமயம். கால் நூற்றாண்டுச் சோதனை முடிவுகள், லட்சக்கணக்கான உரையாடல்கள், மக்கள் ஏற்றிவைத்த படங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று வாரத் தவணை. தங்கள் படங்களையும் எழுத்துகளையும் ஏப்ரல் தொடக்கத்துக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 'ஆர்க்கைவ் டீம்' என்ற தன்னார்வலர் குழு பக்கங்களைப் பிரதி எடுக்க இறங்கியது. உலகெங்குமுள்ள படக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மூடும் நாள் கடந்தும் தளம் அணையவில்லை. ஜூன் மாதம் 'கியர் பேட்ரல்' என்ற இதழ் நிறுவனம் அதை வாங்கியது.

நேர்மை கெடாத தளத்துக்கும் இப்படி நடந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கருத்தில் குறுக்கீடு வருமா என்று மட்டும் வாசகர்கள் கவலைப்பட்டால் பாதிக் கவலைதான் பட்டார்கள். வாங்கியவருக்கு அது தேவையில்லாமல் போகும் நாள் ஒன்று வரும். அந்த நாளில் தளத்தின் கதி என்ன என்பதை 2007இல் யாரும் எழுதி வாங்கவில்லை.

5. எதிர்வாதமும் என் முடிவும்

நிறுவனருக்கு விற்க உரிமை இல்லையா? உண்டு. இத்தகைய தளத்தைப் பத்தாண்டு நடத்துவது என்றால் அவதூறு வழக்கு மிரட்டல், சர்வர் செலவு, நள்ளிரவில் சண்டை தீர்ப்பது என்று ஒரு வாழ்க்கை அதில் கரைகிறது. அவருடைய உழைப்புக்கு விலை உண்டு, பெயருக்கு விலை உண்டு. ஓய்வுக்கும் அவருக்கு உரிமை உண்டு. நான் சொல்வது, அவர் விற்கும் சொத்தில் அவருடையது அல்லாத பங்கு ஒன்று இருக்கிறது, அதன் பாத்தியதைக்காரர்களைக் கேட்டுவிட்டு விற்க வேண்டும் என்பதுதான்.

அறக்கட்டளையாக மாற்றிவிட்டால் போதுமா? அதுவும் போதாது. அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர்ஸ் யூனியன்' 1936 முதல் விளம்பரம் வாங்காமல், சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்தே வாங்கி நடக்கும் லாபநோக்கற்ற அமைப்பு. அது 2008இல் 'கன்ஸ்யூமரிஸ்ட்' என்ற நுகர்வோர் தளத்தை வாங்கியது. வாசகர்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம், இதைவிட நல்ல கை கிடைக்காது. 2017இல் அந்தத் தளத்தை மூடியதும் அதே கைதான். நல்ல மனம் இருந்தும் மூடப்பட்டது. ஆகவே உரிமையாளர் நல்லவரா என்பதைவிட என்ன எழுதிவைத்திருக்கிறது என்பதைக் கேட்க வேண்டும்.

அதனால்தான் லூயிஸின் நெறிமுறையை நான் உயர்வாக வைக்கிறேன். அது வாசகர் எல்லோரும் படிக்கத்தக்க காகிதமாக இருந்தது. யாராவது மீறினால் இந்த வரியை மீறினாய் என்று காட்டலாம். தளம் இன்றும் அந்தக் குழுமத்தின்கீழ்தான் இருக்கிறது, நட்சத்திரக் குறியும் இருக்கிறது. அதிலும் குறை உண்டு. நெறிமுறையை எழுதியவர்கள் விற்றவரும் வாங்கியவரும் மட்டுமே. வாசகர்கள் தரப்பிலிருந்து ஒருவர்கூட அந்த மேசையில் உட்காரவில்லை.

6. நம் பக்கம்

இந்தியாவில் இந்தக் கேள்வி வந்துவிட்டது. 2004இல் தொடங்கி, கார் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியின் குறைநிறைகளைப் பக்கம் பக்கமாக எழுதி வளர்த்த 'டீம்-பிஎச்பி'யை 2025இல் 'கார்ஸ்24' வாங்கியது. பழைய கார் வாங்கி விற்பது அந்த நிறுவனத்தின் தொழில். பழைய கார் வாங்கலாமா என்று மக்கள் ஆலோசனை கேட்ட இடம் அந்தத் தளம். முதல் பகுதியில் சொன்ன அதே முடிச்சு.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்று 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. விமர்சனங்களைத் திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது ஆகியவற்றுக்கான நெறிகள் அதில் உள்ளன. வெளிவந்தபோது அது கட்டாயமில்லாத தரநிலை. அதன் கவலை போலி விமர்சனம் பற்றியது, அந்தக் கவலை நியாயமானது. உண்மையான விமர்சனங்களோடு தளம் கைமாறினால் எழுதியவருக்கு என்ன உரிமை என்பதையும் அடுத்த திருத்தத்தில் சேர்க்க வேண்டும். இந்த அவையில் நுகர்வோர் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். அமைவனத்துக்கு எழுதுங்கள்.

இனி மாணவர்களுக்கு. உங்களில் சிலர் செல்பேசி விமர்சனப் பக்கம் நடத்துகிறீர்கள், விடுதி உணவு பற்றி, பயிற்சி மையங்களின் கட்டணம் பற்றிப் பக்கம் நடத்துகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நண்பர்கள் வந்து எழுதுகிறார்கள், நீங்கள் தொகுக்கிறீர்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியர் செய்ததை நீங்களும் செய்யுங்கள். ஒரு பக்கம் போதும். விற்பதாக இருந்தால் மூன்று மாதம் முன்னதாக எழுதியவர்களிடம் சொல்வேன். அவரவர் எழுதியதை அவரவர் எப்போது வேண்டுமானாலும் முழுமையாக எடுத்துக்கொண்டு போகலாம். வாங்குபவர் இந்த இரண்டையும் எழுத்தில் ஏற்காவிட்டால் விற்க மாட்டேன். தேதி போட்டுத் தளத்தின் முதல் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

இந்த அரங்கில் எனக்கு முன் பேசியவர்களும் எனக்குப் பின் பேசப்போகிறவர்களும் வருவது, முதலைத் தொடக்கூடாது என்று ஒருவர் உரிய நேரத்தில் எழுதிவைத்ததால். உங்கள் பக்கத்தில் பத்துப் பேர் எழுதிக்கொண்டிருக்கும் இப்போதே அதை எழுதிவிடுங்கள்.